தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாதது. பறக்கும் நேரமோ நாளுக்கு நாள் மாறும். பலரும் தூரத்தைப் பார்த்துவிட்டு நேரத்தை ஊகிக்கிறார்கள், அல்லது நேரத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறார்கள். இரண்டு வழியிலும் கணக்குத் தப்பும். ஒவ்வொன்றையும் எப்படிக் கணக்கிடுவது, எங்கே பிழை நுழைகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

தேடும்போது வரும் "தூரம்" எந்தத் தூரம்?

பெரும்பாலும் அது பெருவட்டத் தூரம். பூமிப் பரப்பில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளம். பூமியின் மையத்தையும் அந்த இரு புள்ளிகளையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் பரப்பில் விழும் கோடுதான் பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பாதிகள். மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல, பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து கிளம்புவதுதான்.

விமானம் நிஜமாகப் பறந்த தூரம் வேறு. அது பெருவட்டத் தூரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சாலைத் தூரம், நகர மையங்களுக்கு இடையிலான தூரம் என்பவை இன்னும் வேறு. ஒரு நகரத்தின் விமான நிலையம் நகர மையத்திலிருந்து 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஒரே நகரத்துக்கு நான்கைந்து விமான நிலையங்களும் இருக்கலாம். அதனால் நகரப் பெயரை நம்பாமல் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொண்டு தேடுவதே சரி. லண்டன் ஹீத்ரோ என்றால் எல்எச்ஆர், நியூயார்க் கென்னடி என்றால் ஜேஎஃப்கே.

ஒரு தளத்தில் 5,540 கி.மீ., இன்னொன்றில் 5,555 கி.மீ. என்று போட்டிருக்கிறதே, எது சரி?

ஹீத்ரோவுக்கும் கென்னடிக்கும் இடையிலான தூரத்துக்கு இந்த இரண்டு எண்களையுமே காணலாம். இரண்டும் பிழையில்லை. முதலாவது, பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இரண்டாவது, பூமியின் உண்மையான வடிவத்துக்கு நெருக்கமான நீள்கோளத்தை வைத்துப் போட்டது. பூமி நடுவில் சற்றுப் பருத்து, துருவங்களில் சற்றுத் தட்டையானது: நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.1 கி.மீ., துருவ ஆரம் 6,356.8 கி.மீ. உருண்டைக் கணக்கில் வரும் பிழை அதிகபட்சம் அரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதைவிடப் பெரிய வேறுபாடு தெரிந்தால் அலகைப் பாருங்கள். ஒரு மைல் 1.609 கி.மீ.; ஒரு கடல் மைல் சரியாக 1.852 கி.மீ. விமானிகளும் வான்வழி வரைபடங்களும் கடல் மைலில் பேசுவார்கள், விமான நிறுவனங்களின் பயண மைல் திட்டங்கள் பொதுவாகச் சாதாரண மைலில் கணக்கு வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 15 விழுக்காடு. "மைல்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மைல் என்று உறுதி செய்யாமல் கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டாம்.

தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னடி: வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகை. ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46. தெற்கும் மேற்கும் எப்போதும் கழித்தல் குறியோடு எழுதப்பட வேண்டும்.

முதலில் இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.6513 × 0.7823 = 0.5095. அடுத்து இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். வித்தியாசம் 73.32 பாகை, ஆகவே 0.7588 × 0.6229 × 0.2870 = 0.1357. இரண்டையும் கூட்டினால் 0.6452. இந்த எண்ணுக்கு எதிர்க்கொசைன் எடுத்தால் 49.82 பாகை கிடைக்கும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள கோணம் இது. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. வீதம் பெருக்கினால் 5,540 கி.மீ.

கடல் மைலில் வேண்டுமானால் இன்னும் எளிது. கோணத்தை 60ஆல் பெருக்கினால் போதும், ஏனென்றால் பூமிப் பரப்பில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கடல் மைலின் பிறப்பிடம். 49.82 × 60 = சுமார் 2,989 கடல் மைல்.

மிக அருகருகே உள்ள புள்ளிகளுக்கு இந்த முறை துல்லியம் இழக்கும். அங்கே ஹேவர்சைன் சூத்திரம் நல்லது. தொலைதூர நிலையங்களுக்கு மேலே சொன்னதே போதும். நீள்கோளத்தில் மீட்டர் அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் வின்சென்டி 1975இல் தந்த முறை பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பூமியின் நேர் எதிர்ப்புறங்களில் இருக்கும் புள்ளிகளுக்கு அது விடை காணாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்கும் முறையை சார்லஸ் கார்னி 2013இல் வெளியிட்டார். நிரல் எழுதுபவர்கள் அதை அடிப்படையாகக் கொண்ட நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நான் போட்ட கணக்கு முற்றிலும் தப்பாக வருகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்று.

எக்செல் போன்ற செயலிகளும் நிரல் மொழிகளும் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கின்றன. பாகையை அப்படியே கொடுத்தால் எண் எங்கோ போய்விடும். 180ஆல் வகுத்து, பை (π) என்ற எண்ணால் பெருக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியில் வரும் கோணமும் ரேடியனில்தான் இருக்கும். அதை நேரே 6,371ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

இரண்டாவது, பாகை–நிமிட வடிவத்தைத் தசமம் என்று எடுத்துக்கொள்வது. 40 பாகை 38 நிமிடம் என்பது 40.38 அல்ல. 38ஐ 60ஆல் வகுக்க வேண்டும், ஆக 40.633. இந்த ஒரு தவறே 28 கி.மீ. விலக்கும். விடை கிட்டத்தட்டச் சரியாகவே தோன்றுவதால் பலர் இதைக் கண்டுபிடிப்பதே இல்லை.

மூன்றாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. இதுவும் மறைந்து விளையாடும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் கென்னடிக்கு மட்டும் குறியை விட்டுவிட்டால் விடை சுமார் 5,600 கி.மீ. வரும், லண்டன் பூஜ்ஜியத் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் தவறு வெறும் 60 கி.மீ.யாகச் சுருங்கிவிட்டது. உண்மையில் அந்தக் குறி இல்லாமல் நியூயார்க் மத்திய ஆசியாவுக்கே நகர்ந்துவிடுகிறது; லண்டனுக்குப் பதில் டோக்கியோவைப் போட்டால் விடை பெரிதாகத் தப்பும். ஆகவே ஒரு சூத்திரத்தைச் சோதிக்க லண்டனை எடுக்காதீர்கள். பசிபிக்கைத் தாண்டும் ஒரு இணையையும், நிலநடுக்கோட்டைத் தாண்டும் ஒரு இணையையும் போட்டுப் பாருங்கள்.

நான்காவது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. சில கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதும். அட்சரேகை 90ஐத் தாண்டவே தாண்டாது என்பதை நினைவில் வைத்தால் பல நேரம் உடனே பிடிபடும்.

வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வில்லாக வளைகிறது? நேராகப் போனால் குறுகியதாக இருக்காதா?

விமானம் நேராகத்தான் போகிறது, வளைவது வரைபடம். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்தை நெருங்கும் இடங்கள் இழுபட்டு அகலமாகிவிடுகின்றன. தட்டை வரைபடத்தில் கிழக்கு மேற்காக நேராகத் தெரியும் கோடு நிஜத்தில் சுற்றுவழி.

ஸ்பெயினின் மத்ரீதும் நியூயார்க்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 40.5 பாகை வடக்கில் இருக்கின்றன. அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே மேற்கே போனால் சுமார் 5,930 கி.மீ. பெருவட்ட வழியில் போனால் சுமார் 5,760 கி.மீ. அந்தக் குறுக்குவழி நடுவில் 46 பாகை வடக்கு வரை ஏறி இறங்குகிறது. தூரம் கூடக் கூட இந்த லாபமும் பெருகும். சிட்னியும் சிலி நாட்டின் சாந்தியாகோவும் 33, 34 பாகை தெற்கில் உள்ளவை. அட்சரேகை வழியே போனால் 12,700 கி.மீ.க்கும் மேல், பெருவட்டத்தில் சுமார் 11,350 கி.மீ. அந்தப் பாதை 62 பாகை தெற்கு வரை, அண்டார்டிக் வட்டத்துக்கு வெகு அருகே வரை இறங்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு பூகோள உருண்டையில் இரு இடங்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானே குறுகிய வழியில் போய் அமரும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் நூல் ஏறத்தாழ 425 கி.மீ.

அப்படியானால் விமானம் அந்தப் பெருவட்டத்தில்தான் பறக்குமா?

அதை ஒட்டிப் பறக்கும், ஆனால் அதன் மேலேயே பறப்பது அபூர்வம். காரணங்கள் பல, எல்லாமே கணிசமானவை.

முதல் காரணம் காற்று. பாதை திட்டமிடுபவர்கள் தேடுவது குறைந்த தூரத்தை அல்ல. குறைந்த நேரத்தையும் எரிபொருளையும். 300 கி.மீ. சுற்றினாலும் பின்காற்று கிடைத்தால் அதுவே லாபம். சிங்கப்பூர்–நியூயார்க் போன்ற வழியில் அட்லாண்டிக் பக்கம் போவதா பசிபிக் பக்கம் போவதா என்பதையேகூட அன்றைய காற்று மாற்றிவிடும்.

இரண்டாவது, ஓர் எஞ்சின் நின்றுபோனால் இறங்க ஓர் இடம் வேண்டும் என்ற விதி. இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அடையக்கூடிய மாற்று நிலையத்தை எப்போதும் எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும். தனி அனுமதி இல்லாமல் இந்த வரம்பு 60 நிமிடம். அனுமதி பெற்றவற்றுக்கு 120, 180 என்று கூடும்; போயிங் 787க்கு 330 நிமிடமும் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடமும் வரை சான்று உண்டு. தென் பசிபிக், தென் இந்தியப் பெருங்கடல் வழிகள் இந்த எண்ணைப் பொறுத்தே வடக்கே விலகுகின்றன அல்லது விலகாமல் போகின்றன.

மூன்றாவது, கீழே உள்ள நிலம். கேபினில் அழுத்தம் போனால் விமானம் சுமார் 10,000 அடிக்கு விரைவாக இறங்க வேண்டும். டிபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 14,800 அடி. அங்கே அப்படி இறங்க வழியில்லை. பயணிகளுக்கான ஆக்ஸிஜனோ பல விமானங்களில் சில நிமிடங்களுக்கே வரும். அதனால் பெருவட்டம் பீடபூமியின் மேலாகப் போனாலும் விமானங்கள் பெரும்பாலும் சுற்றியே போகின்றன.

நான்காவது, மூடிய வான்பரப்பு. ஹெல்சின்கி–டோக்கியோ நேர்வழி சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேலாகப் பறந்தபோது ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம், 2022இல் அந்த வான்பரப்பு ஃபின்லாந்து விமானங்களுக்கு மூடப்பட்டபின் 13 மணி நேரத்தை ஒட்டி ஆகிவிட்டது. இரண்டு நிலையங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தூரம் என்ற எண்ணை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வட அட்லாண்டிக்கின் மேல் போக்குவரத்து மிக நெரிசலானது. அங்கே அன்றைய காற்றைப் பார்த்து இணையான பாதைகளை நாளுக்கு இரு முறை வரைந்து வெளியிடுகிறார்கள்: பகலில் மேற்கு நோக்கிப் போவோருக்கு, இரவில் கிழக்கு நோக்கிப் போவோருக்கு. நேற்று வந்த வழியிலேயே இன்றும் விமானம் வரும் என்று எண்ண வேண்டாம்.

பறந்த தூரத்தை முன்கூட்டி மதிப்பிட வேண்டுமானால் பெருவட்டத் தூரத்தோடு 3 முதல் 5 விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய வான்பரப்பு குறுக்கிடும் வழிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் எதிலிருந்து எது வரை?

கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் நிற்கும் கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் கேட்டைத் தேடிப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம். பெரிய நிலையங்களில் இதற்கு மட்டும் மொத்தம் அரை மணி நேரம் போய்விடும். விமானி அறிவிப்பில் "பறக்கும் நேரம் 6 மணி 20 நிமிடம்" என்றும் டிக்கெட்டில் 7 மணி என்றும் இருந்தால் முரண் ஒன்றும் இல்லை. விமானி சொல்வது ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து தரை தொடும் வரை.

இதோடு, நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் அட்டவணையில் சேர்த்து வைக்கின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் இதனால்தான். விமானி வேகத்தைக் கூட்டி மீட்கக்கூடியது சில நிமிடங்கள் மட்டுமே.

தூரம் தெரிந்தால் நேரத்தை எப்படி மதிப்பிடுவது?

நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் ஒலி வேகத்தின் 0.85 பங்கு அளவில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 பாகையை ஒட்டி இருக்கும்; அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு என்றால் 900 கி.மீ. ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய விமானங்களுக்கு 0.78 என்று வைத்தால் 830 கி.மீ.

கணக்கு இது: தூரத்தை 900ஆல் வகுக்கவும். ஏறி இறங்குவதில் இழக்கும் வேகத்துக்கு அரை மணி, தரையில் ஊர்வதற்கு அரை மணி சேர்க்கவும். பெர்த்–லண்டன் 14,500 கி.மீ.: 16.1 மணியோடு ஒரு மணி சேர்த்தால் சுமார் 17 மணி 5 நிமிடம். அட்டவணையில் பதினேழேகால் மணியைத் தாண்டித்தான் இருக்கும். சுற்றுவழியும் காற்றும் அந்த மீதியைத் தின்றுவிடுகின்றன.

வடக்கு தெற்காகப் போகும் வழிகளுக்கு இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நடு அட்சரேகைகளில் கிழக்கு மேற்காகப் போகும் வழிகளுக்குக் காற்றைச் சேர்த்தே ஆக வேண்டும். கிழக்கே போனால் வேகத்தோடு 60 கூட்டுங்கள், மேற்கே போனால் 60 கழியுங்கள். குளிர்காலத்தில் 100 வரை போகலாம். ஹீத்ரோ–கென்னடிக்கு இப்படிப் பார்த்தால்: மேற்கே 5,540 ÷ 840 = 6.6 மணி, கிழக்கே 5,540 ÷ 960 = 5.8 மணி. இரண்டோடும் ஒரு மணி சேர்த்தால் சுமார் 7 மணி 35 நிமிடமும் 6 மணி 45 நிமிடமும். அட்டவணை நேரங்கள் இவற்றுக்குச் சற்று மேலே இருக்கும்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறு? பூமி சுழல்வதாலா?

பூமி சுழல்வதால் நேரடியாக இல்லை. நிலநடுக்கோட்டில் பூமிப் பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. அது விமானத்தை விட்டுவிட்டுப் போனால் மேற்கே உள்ள ஊர்கள் தாமே வந்து சேர வேண்டும். அப்படி நடப்பதில்லை. காற்றும், அதில் மிதக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

காரணம் ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், இரு அரைக்கோளங்களிலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகிய, வேகமான காற்று ஆறு இது. துருவக் குளிருக்கும் வெப்பமண்டலச் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு இதை ஓட்டுகிறது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு பெரிதாவதால் காற்றும் வலுக்கிறது. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது காற்றைத் திருப்பிவிடும் பங்கு.

இதன் வலிமைக்கு எடுத்துக்காட்டு: 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையைப் பொறுத்து அதன் உச்ச வேகம் மணிக்கு 1,320 கி.மீ.க்கு மேல். ஆனால் அது ஒலியை மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அதன் வேகம் வழக்கமானதுதான்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுதாகத் தந்துவிடும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். தராது. எதிர்க்காற்றில் அதிக நேரம் பறக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே பறக்கிறோம். அதே 5,540 கி.மீ.யில் மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் போய்வர 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம்.

அதிகத் தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்க முடியுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. சிங்கப்பூர்–கென்னடி 15,349 கி.மீ.; அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். 2020 மார்ச்சில் ஏர் தாஹிதி நுயி நிறுவனத்தின் ஒரு விமானம் தாஹிதித் தீவின் பாபெயெத்தேயிலிருந்து பாரிஸ் வரை 15,715 கி.மீ. தூரத்தை நிற்காமல், சுமார் 16 மணி நேரத்தில் பறந்தது. கிழக்கு நோக்கிய பயணம், பயணிகளும் குறைவு. வழக்கமாக நடுவில் நிற்கும் அந்தப் பயணம், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அன்று நேராகப் பறக்க நேர்ந்தது.

போய்ச் சேரும் உள்ளூர் நேரத்தைத் தப்பில்லாமல் கணக்கிட என்ன வழி?

டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் நேரே கழித்தால் பயண நேரம் வராது. எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, பயண நேரத்தைக் கூட்டி, பிறகு சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். தேதியைக் கிழமையோடு எழுதிக்கொண்டே போங்கள். தவறு பெரும்பாலும் மணியில் அல்ல, தேதியில்தான் நேர்கிறது.

குளிர்காலத்தில் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திங்கள் இரவு 10.30க்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் பொது நேரத்துக்கு 5 மணி பின்னால், ஆகவே செவ்வாய் அதிகாலை 3.30. பயணம் 18 மணி 40 நிமிடம்; செவ்வாய் இரவு 10.10. சிங்கப்பூர் 8 மணி முன்னால், ஆகவே புதன் காலை 6.10. விடுதியைச் செவ்வாய்க்குப் பதிவு செய்தால் ஓர் இரவு வாடகை வீண்.

கிழக்கு நோக்கித் தேதிக் கோட்டைத் தாண்டும்போது கிளம்பியதற்கு முன்பே போய்ச் சேரலாம். சிட்னியின் கோடையில் ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளம்பி, பதின்மூன்றரை மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினால் அங்கே அதே ஞாயிறு அதிகாலை 4.30. சமோவாவும் அமெரிக்க சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஆனால் முந்தையது 2011 முடிவில் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டதால் இரண்டுக்கும் இடையே இன்று 24 மணி நேர வித்தியாசம். கடிகாரம் ஒன்றே காட்டும், நாட்காட்டி வேறு காட்டும்.

கோடைக்கால நேர மாற்றம் கணக்கைக் கெடுக்குமா?

கெடுக்கும், குறிப்பாக மார்ச்சிலும் அக்டோபர்–நவம்பரிலும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. பின்தள்ளும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி அல்ல, 4 மணி. மாதங்களுக்கு முன் குறித்து வைத்த இணைப்பு நேரங்களை அந்த வாரங்களில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

"டைரக்ட்" என்றால் எங்கும் நிற்காது என்றுதானே பொருள்?

இல்லை. விமானத் துறையில் டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்று மட்டுமே பொருள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பலாம், பயணிகளை ஏற்றி இறக்கலாம், சில சமயம் விமானமே மாறலாம். எங்கும் நிற்காத பயணம் நான்-ஸ்டாப். பதிவு செய்யும் பக்கத்தில் "நிறுத்தங்கள்" என்ற இடத்தில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்-ஸ்டாப் என்று வாங்கிய பயணமும் அபூர்வமாக நடுவில் இறங்கலாம். எரிபொருள் பயணத்துக்கு மட்டும் நிரப்பப்படுவதில்லை: எதிர்பாராச் செலவுக்குப் பொதுவாகப் பயண எரிபொருளில் 5 விழுக்காடு, மாற்று நிலையம் வரை போக வேண்டிய அளவு, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமிடத் தேவையான இறுதி இருப்பு. எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட வலுத்து இந்த இருப்பில் கை வைக்க நேரும் என்று தெரிந்தால், வழியில் இறங்கி நிரப்புவதே முறை. தன் எல்லைத் தூரத்துக்கு அருகே பறக்கும் விமானங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். குளிர்காலத்தில் மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைத் தாண்டும் ஒற்றை நடைபாதை விமானங்கள் அந்த வகை.

உலகின் எந்த இரு நிலையங்களுக்கும் இடையே நிற்காமல் பறக்க முடியுமா?

பூமியில் எந்த இரு புள்ளிகளுக்கும் அதிகபட்சத் தூரம் சுமார் 20,000 கி.மீ. இன்றைய பயணிகள் விமானங்கள் நிறைந்த இருக்கைகளோடு அதை எட்டுவதில்லை. சிங்கப்பூர்–நியூயார்க் வழியில் பறக்கும் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நீண்ட தூர விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். தடை எஞ்சினில் இல்லை, எடையில் இருக்கிறது: கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. மணிக்கு, சுமக்கும் கூடுதல் எடையின் 3, 4 விழுக்காடு எரிந்துபோகும் என்பது துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. பத்து மணி நேரம் கழித்துத் தேவைப்படும் ஒரு டன்னுக்காக, கிளம்பும்போது ஒரு டன்னைவிட நன்றாகவே அதிகம் ஏற்ற வேண்டும். அதனால்தான் இத்தகைய வழிகளில் இருக்கைகளைக் குறைத்துவிடுகிறார்கள். சிட்னி–லண்டன், சுமார் 17,000 கி.மீ., அடுத்த இலக்கு. குவான்டாஸ் அதற்கென ஏ350-1000 விமானத்தில் கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டியோடு திட்டமிட்டிருக்கிறது.

தாமத இழப்பீட்டுக்குத் தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பெருவட்ட முறையையே குறிப்பிடுகிறது, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்பவை அதன் எல்லைக்கோடுகள். ஒரே பதிவில் இணைப்பு விமானம் இருந்தால், முதல் புறப்பாட்டிலிருந்து கடைசி நிலையம் வரை நேராக அளக்க வேண்டும், இரு துண்டுகளைக் கூட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. வந்து சேர்ந்த நேரம் எது என்பதற்கும் 2014இல் ஒரு தீர்ப்பு உண்டு: சக்கரம் தரை தொட்ட நேரம் அல்ல, பயணிகள் இறங்கலாம் என்ற நிலையில் ஒரு கதவாவது திறந்த நேரம். தாமதமானால் கதவு திறந்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள். தாமத வரம்பை ஒட்டி இருந்தால், தரை தொட்டதற்கும் கதவு திறந்ததற்கும் இடையிலான சில நிமிடங்களே முடிவை மாற்றும்.

தேடினால் ஒரே ஊருக்கு இரு வேறு தூரங்கள், ஆயிரக்கணக்கில் வித்தியாசத்தோடு வருகின்றன. ஏன்?

பெரும்பாலும் ஊர் ஒன்றல்ல, இரண்டு. சிட்னி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் இருக்கிறது. சான் ஹோசே கோஸ்டாரிகாவின் தலைநகர், அதே எழுத்துகளில் கலிபோர்னியாவிலும் ஒரு நகரம். பர்மிங்காம் இங்கிலாந்திலும் அலபாமாவிலும் உண்டு. போர்ட்லண்ட் அமெரிக்காவிலேயே ஒரேகனில் ஒன்று, மெயினில் ஒன்று. குறியீடுகள் மட்டும் ஒன்றாக இருக்காது: ஆஸ்திரேலியச் சிட்னி எஸ்ஒய்டி, கனடியச் சிட்னி ஒய்க்யூஒய்; கோஸ்டாரிகாவின் சான் ஹோசே எஸ்ஜேஓ, கலிபோர்னியாவினுடையது எஸ்ஜேசி. பணம் செலுத்தும் முன் குறியீட்டையும், திரையில் காட்டும் பயண நேரத்தையும் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். 15 மணி நேரம் எதிர்பார்த்த இடத்தில் 5 மணி நேரம் என்றிருந்தால், தவறான ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்.